கவுண்ட் டேலி ஆகல
ஓஎம்ஆரில் பைக்கோடு விழுந்தவரோ, கோவளம் பக்கம் மரத்திலிருந்து விழுந்தவரோ, கேளம்பாக்கத்தில் முதுகெலும்பு ஆபரேஷன் என்றால் எங்கள் வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். எலும்பைக் கடித்தெடுக்கும் கெரிசனின் வாயில் பழைய துணுக்கு ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்போம். அழுக்கு இருந்தால் அதன் அடியில் நீராவி போகாது. அப்புறம்தான் ஆட்டோகிளேவ், 134 டிகிரி.

எனக்குப் பயம் இரும்பு மேல இல்ல, பஞ்சு மேலதான். தண்டுவடத்தை ஒட்டி வைக்கும் 'காட்டன் பேட்டி' நகத்தளவுதான். ரத்தத்தில் நனைந்தால் அதுவும் சதையும் ஒரே நிறம். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல் வாலும், எக்ஸ்ரேயில் தெரிகிற கோடும். ஆரம்பிக்கும் முன் இரண்டு பேர் வாய்விட்டு எண்ணுவோம். மூடும் முன் மறுபடி. தோல் தைக்கும்போது இன்னொரு முறை. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்புப் பட்டியலிலும் இந்த எண்ணிக்கை உண்டு.

ஒன்று குறைந்தால், "சார், கவுண்ட் டேலி ஆகல" என்று சொல்லணும். எவ்வளவு பெரிய சர்ஜனும் தையலை நிறுத்தித் தேடியாகணும்.

புதுசா சேரும் பொண்ணுங்களுக்குக் கருவிப் பெயர்கள் சீக்கிரம் வந்துவிடும். அந்த ஒரு வாக்கியம் தயங்காமல் வாயில் வரத்தான் நாளாகிறது. மேஜையில் குப்புறக் கிடப்பவரால் தனக்காகக் கேட்க முடியாதே.