பறவைகளைக் காண நேபாளம் போகிறீர்களா?



வருடத்தில் கிடைக்கும் இரண்டு வார விடுமுறையைச் சொந்த ஊர் போகும் ரயிலிலும் உறவினர் வீட்டுத் திருமணங்களிலும் செலவழிப்பதே வடநாட்டு நகரங்களில் வாழும் நம் குடும்பங்களின் வழக்கம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இப்பொழுது நம் சபைகளின் வாலிபர் சிலர் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு அதிகாலையில் ஏரிக்கரைகளுக்குப் போகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. இமயத்துப் பறவைகளைக் காண நேபாளம் போகலாமா? சுற்றுலா நிறுவனம் இல்லாமல் நாங்களே ஒழுங்கு செய்துகொள்ள முடியுமா? போகும்போது நேபாள மொழிக் கைப்பிரதிகளையும் கொண்டுபோகலாமா, பாஸ்டர்? முதல் இரண்டுக்கும் ஆம் என்கிறேன். மூன்றாவதற்கு வேண்டாம் என்கிறேன். காரணங்களை வாசித்து நீங்களே நிதானித்துப் பாருங்கள்.

ஏன் நேபாளம்?

நேபாளம் பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரிய நாடு. தெற்கிலிருந்து வடக்கே அதன் அகலம் சராசரியாக 200 கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறிய அகலத்திற்குள் நிலம் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டருக்கும் குறைவான சமவெளியில் தொடங்கி, 8,849 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரம் வரை ஏறுகிறது. நாணற்காடு, சால் மரக்காடு, ஓக் மரக்காடு, ரோடோடென்ட்ரான் பூங்காடு, பனிவெளி என்று ஒவ்வோர் உயரத்திற்கும் ஒரு காடு. ஒவ்வொரு காட்டிற்கும் அதற்குரிய பறவைகள். ஆகவேதான் எண்ணூற்றுக்கும் அதிகமான பறவை இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. சிருஷ்டிகர் ஒரே மலைச்சரிவில் இத்தனை வீடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்!

எப்பொழுது போகலாம்?

பறவைகள் தங்கள் காலத்தை அறிந்திருக்கின்றன என்பதை எரேமியா தீர்க்கதரிசி இஸ்ரவேலருக்குச் சுட்டிக்காட்டினார். நாமும் அவற்றின் காலத்தை அறிந்தே போகவேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கிலிருந்து வந்த நீர்ப்பறவைகள் சமவெளி ஆறுகளில் தங்கியிருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் மலைகளில் பூக்கள் மலரும்; பறவைகள் பாடத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அட்டைகள், மண்சரிவு. அக்காலத்தைத் தவிர்ப்பது நலம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் குர்ஜா என்று ராஜஸ்தானில் அழைக்கப்படும் பெருங்கொக்குகள் காளி கண்டகி பள்ளத்தாக்கின் வழியே இமயத்தைக் கடந்து தெற்கே வருகின்றன. பலோடிக்கு அருகிலுள்ள கீச்சன் கிராமத்தார் குளிர்காலத்தில் தானியம் தூவி உபசரிப்பது இந்த இனத்தைத்தான்.

ஆவணமும் வழியும்

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டியதில்லை. விமானத்தில் போவோர் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டையைக் கொண்டுபோகவேண்டும். 15 முதல் 65 வயதுக்குட்பட்டோருக்கு ஆதார் அட்டை போதாது. தரைவழியே போக விரும்புவோர் ரயிலில் கோரக்பூர் சென்று சோனௌலி எல்லையையும், அல்லது ரக்சோல் சென்று பீர்கஞ்ச் எல்லையையும் கடக்கலாம். நமது ஒரு ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத கணக்கு. நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொண்டுபோவது எளிது. அங்கே கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னே நகர்த்திக்கொள்ளுங்கள்.

பத்து நாள் திட்டம்

முதல் பிரயாணத்திற்கு இரண்டு இடங்கள் போதும். ஓடி ஓடிப் பார்ப்பவனுக்குப் பறவை அகப்படாது.

முதலாவது சித்வன். 1973-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காட்டில் 500-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் உண்டு. சௌராஹா என்னும் ஊரில் எளிய விடுதிகள் இருக்கின்றன. காட்டில் காண்டாமிருகமும் புலியும் இருப்பதால் உரிமம் பெற்ற வழிகாட்டியின்றி உள்ளே நடக்கலாகாது. பூங்காவின் மேற்கே பிதௌலி கிராமத்தையும் பாருங்கள். கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து, அவற்றின் சடலங்களைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, தெற்காசியாவெங்கும் அந்த இனங்களை ஏறக்குறைய அழித்துவிட்டது. இந்தியாவும் நேபாளமும் 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தன. அதே ஆண்டில் பிதௌலி மக்கள் ஜடாயு என்ற பெயரால் ஓர் உணவுக்களத்தை அமைத்து, மருந்து கலவாத சடலங்களைக் கழுகுகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது, காட்மாண்டுக்குத் தென்கிழக்கே கோதாவரி என்னும் ஊர். அங்கே தாவரவியல் பூங்காவும், அதன் மேலே 2,700 மீட்டருக்கும் அதிக உயரமுள்ள பூல்சோக்கி மலையும் உண்டு. காட்மாண்டுப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள புதர்ச்சரிவுகளில் வாழ்கிறது நேபாளத்திற்கு மட்டுமே உரிய ஒரே பறவை. ஆங்கிலத்தில் ஸ்பைனி பாப்ளர். நம்மூர்த் தவிட்டுக்குருவியின் உறவு. ஹாட்ஜ்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1836-இல் விவரித்த பின் இது அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. 1948-இல் அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளி மீண்டும் கண்டுபிடித்தார். வருடத்தின் பெரும்பகுதி புதருக்குள் ஒளிந்திருக்கும் அது, வசந்த காலத்தில் புதரின் உச்சியில் வந்து பாடும்.

உயர்ந்த மலைகளை இரண்டாம் பிரயாணத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள். 2,500 மீட்டருக்கு மேல் தங்கினால் மலைநோய் வரக்கூடும். தலைவலியும் வாந்தியும் கண்டால் மேலே ஏறாமல் நிற்கவேண்டும். அதிகரித்தால் உடனே கீழே இறங்கவேண்டும். ஜெபித்துக்கொண்டே மேலே ஏறுவது விசுவாசமல்ல. மேலும் 2023 ஏப்ரல் முதல் மலை நடைபாதைகளில் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற வழிகாட்டியுடனேயே செல்லவேண்டும் என்ற விதி இருக்கிறது. பேரம் பேசி அவருடைய கூலியைக் குறைக்காதீர்கள்.

8x42 அளவுள்ள பைனாகுலர், நேபாளப் பறவைகள் பற்றிய ஒரு கையேடு, சாயம் மங்கிய உடை, குறிப்பேடு இவை போதும். கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கச் செய்து கூட்டிலிருந்து தாயை வெளியே இழுக்காதீர்கள். தாய்ப்பறவையையும் கூட்டையும் குறித்த கட்டளையை உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் வாசித்துவிட்டுப் புறப்படுங்கள்.

பறவைகளைத் தேடி வந்த மிஷனரி

இனி அந்த மூன்றாவது கேள்விக்கு வருவோம். 1951 வரை நேபாளம் வெளிநாட்டவருக்கு ஏறக்குறைய அடைபட்ட தேசம். முசோரி உட்ஸ்டாக் பள்ளியில் ஆசிரியராக இருந்த அமெரிக்க மிஷனரி ராபர்ட் ஃப்ளெமிங், 1949-இல் பறவைகளை ஆராய அனுமதி பெற்று உள்ளே சென்றார். பின்னர் 1951-52 குளிர்காலத்தில் அவருடைய மனைவி டாக்டர் பெத்தேல் ஃப்ளெமிங்கும் டாக்டர் கார்ல் ஃப்ரெடரிக்ஸும் தான்சேன் என்னும் மலையூருக்குச் சென்றபோது நோயாளிகள் திரண்டு வந்தார்கள். அவ்வூரார் மருத்துவமனை வேண்டுமென்று கேட்டார்கள். அரசு அனுமதித்தது. 1954-இல் நேபாள ஐக்கிய மிஷன் உருவானது. காட்மாண்டில் பெத்தேல் அம்மையார் தொடங்கிய பணி சாந்த பவன் மருத்துவமனையாக வளர்ந்தது.

இதைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, பறவைகளைச் சாக்காக வைத்து உள்ளே போனார்" என்று சிலர் சொல்வதுண்டு. இல்லை, பிரியமானவர்களே. அவர் உண்மையாகவே பறவைகளைப் பார்த்தார். 1976-இல் தம் மகனோடும், நேபாள ஓவியர் லைன் சிங் பாங்டேலோடும் சேர்ந்து நேபாளப் பறவைகளைக் குறித்த நூலை வெளியிட்டார். சாக்கு சொல்லி நுழைகிறவன் கால் நூற்றாண்டு குருவிகளை எண்ணிக்கொண்டிருக்கமாட்டான். சொன்ன வேலையை உண்மையாய்ச் செய்தவர் என்பதால் அவருக்குக் கதவு திறந்தே இருந்தது.

உங்கள் கைப்பையில் என்ன இருக்கிறது?

2015-ஆம் ஆண்டின் நேபாள அரசியல் சாசனம் பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தின்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவரானால் தண்டனை முடிந்தபின் நாடு கடத்தப்படுவார். அந்தச் சட்டம் நியாயமா என்று நாம் ஜெபத்தில் கர்த்தரிடம் முறையிடலாம். ஆனால் எல்லையில் நிற்கும் அதிகாரி "எதற்காக வருகிறீர்கள்?" என்று கேட்கும்போது "பறவை பார்க்க" என்று சொல்லும் வாய்க்கும், பையிலுள்ள கைப்பிரதிகளுக்கும் இடையே இருப்பது பொய்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. நீங்கள் பத்தாம் நாள் வீடு திரும்பிவிடுவீர்கள். காவலர் அடுத்த நாள் தட்டுவது அவ்வூர் விசுவாசியின் கதவை. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே கிறிஸ்தவர்கள் 5 லட்சத்துக்குச் சற்று அதிகம். தங்கள் ஜனங்களிடம் எப்படிப் பேசவேண்டும், எப்பொழுது மௌனமாயிருக்கவேண்டும் என்பதை அவர்கள் பாடுபட்டுக் கற்றிருக்கிறார்கள். நமது ஒரு வார உற்சாகத்தின் விலையை அவர்கள் செலுத்தலாகாது.

அப்படியானால் நம் விசுவாசத்தை ஒளிக்கவேண்டுமா? வேண்டியதில்லை. உணவுக்கு முன் தலைகுனிந்து ஜெபியுங்கள். யாராவது கேட்டால் நீங்கள் யாரென்று மறைக்காமல் சொல்லுங்கள். நேபாளச் சபைகள் பொதுவாகச் சனிக்கிழமையில் கூடுகின்றன, அதுவே அந்நாட்டின் வழக்கமான விடுமுறை நாள். அந்நாளில் பைனாகுலரை அறையில் வைத்துவிட்டு ஆராதனைக்குச் சென்று, கடைசி வரிசையில் அமர்ந்து, அவர்கள் பாடுவதைக் கேளுங்கள். அவர்களைப் படமெடுத்துக் கைபேசியில் பரப்பவேண்டாம்.

மற்ற நாட்களில் விடியுமுன் எழுந்து, மலைச்சரிவில் அமைதியாய் நில்லுங்கள். ஆகாயத்துப் பறவைகளை நோக்கிப் பார்க்கும்படி நம் ஆண்டவரே சீஷர்களுக்குக் கற்பித்திருக்கிறார். அதற்குக் கீழ்ப்படிவதற்கு வேறு சாக்கு எதுவும் தேவையில்லை. கர்த்தர்தாமே உங்கள் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென்.