சிவப்புச் சீட்டு

எனக்கு அக்கி எழுதியபோது வயது ஒன்பது. 1964, சம்பா அறுப்புக்கு முன்னால். முந்தாநாள் ராத்திரி குண்டு பல்பின் அடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததும், கழுத்தில் ஏதோ ஊர்ந்ததைக் கையால் தேய்த்துவிட்டதும் நினைவில் இருக்கிறது. அடுத்த நாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் மறுநாள் காலையில் காதுக்குக் கீழே விரல் நீளத்துக்குச் சிவந்து, சிறு சிறு கொப்புளம் கட்டி, தீக்கங்கை வைத்தாற்போல் எரிந்தது. அப்பாயி பார்த்த மாத்திரத்தில் அக்கி என்றாள். அக்கிக்கு டாக்டர் கிடையாது. வேளார் வீட்டுக்குத்தான் போக வேண்டும், அதுவும் பல் மட்டும் விளக்கிவிட்டு, வெறும் வயிற்றோடு.

வேளார் சக்கரத்தை நிறுத்திவிட்டு வந்தார். கிழக்கே பார்த்து உட்காரவைத்தார். காவியைக் குழைத்து, குச்சி நுனியால் தொட்டு, என் கழுத்தில் ஏதோ வரைந்தார். குளுகுளுவென்று இருந்தது. மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது என்றார். பள்ளிக்கூடத்தில் அதைச் சிங்கம் என்றார்கள். நாய் என்றான் ஒருத்தன். அவனோடு சண்டை போட்டதில் காவி பாதி அழிந்தது. ஒரு வாரத்தில் புண் ஆறி, பழுப்பாக ஒரு தழும்பு மாத்திரம் கொஞ்ச நாள் கிடந்தது.

ஊர்ந்தது எது என்று தெரிய எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் விடுதியில் பாதிப் பேருக்குக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் அதே சிவப்புக் கோடு. பேராசிரியர் டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் ஊர்ந்த ஒன்றைக் காகிதத்தில் வழித்தெடுத்துக் காட்டினார். பெரிய எறும்பு அளவு. செம்மஞ்சள் உடம்பு, கறுத்த தலை, கறுத்த வால்நுனி. முதுகில் அரைக்கைச் சட்டை போட்டதுபோல் நீலம் பாய்ந்த இரண்டு குட்டை மூடிகள். பீடரஸ். கடிக்கவும் தெரியாது, கொட்டவும் தெரியாது. நாம் நசுக்கினால்தான் அதன் ரத்தத்தில் இருக்கிற பீடரின் என்ற நஞ்சு தோலில் படும். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் வேக்காடு தெரியும். அந்த நஞ்சும் வண்டின் சொந்தச் சரக்கில்லை, பெண் வண்டின் உடம்பில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா செய்து கொடுப்பது என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். பகலெல்லாம் வயலில் புகையானைப் பிடித்துத் தின்று எங்கள் நெல்லைக் காத்துவிட்டு, ராத்திரி விளக்குக்கு வருகிற பிராணி. அதைத்தான் கழுத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறேன்.

ஸ்டாஃபிலினிடே என்பது அதன் குடும்பப் பெயர். தமிழில் ஒரு பெயர் வேண்டுமே என்று குறுஞ்சிறகு வண்டு என்று எழுதிக்கொண்டேன். அது தப்பு. சிறகு குட்டையே இல்லை. மூடிதான் குட்டை, அதற்கு அடியில் முழு நீளச் சிறகு மடிந்து மடிந்து கிடக்கிறது. இடச்சிறகு ஒரு மாதிரி மடியும், வலச்சிறகு வேறு மாதிரி. பறந்து வந்து இறங்கியதும் வால்பக்கத்தை மேலே வளைத்து, சிறகை உள்ளே தள்ளித் தள்ளி மூடிக்கொள்ளும். பெட்டி நிறைந்த பிறகும் இன்னொரு புடவையைத் திணிக்கிற லாவகம். உலகத்தில் பறவை இனங்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 11,000. இந்த ஒரு வண்டுக் குடும்பத்தில் மட்டும் இதுவரை பெயர் பெற்றவை 60,000-க்கும் மேல். பெயர் பெறாதவை டப்பாக்களில் இருக்கின்றன.

டப்பா என்றதும் ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வருகிறது. எங்கள் ஆய்வறையில் எனக்கு மூத்தவர் ஒருவர். அவர் மச்சானுக்கு அந்தமான் போலீஸில் வேலை. நார்கொண்டம் தீவுச் சாவடியில் சில மாதம் இருந்தார். வட அந்தமானுக்குக் கிழக்கே கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கும் எரிமலை அது. தீவு மொத்தமே ஏறக்குறைய ஏழு சதுர கிலோமீட்டர்தான், உச்சியோ 700 மீட்டருக்கு மேல். ஊர் கிடையாது. 1969-இல் வைத்த காவல் சாவடி ஒன்றுதான். வேறெங்கும் இல்லாத ஒரு இருவாட்சி அங்கே உண்டு, ஏ. ஓ. ஹியூம் 1873-இல் அதற்குப் பெயர் வைத்தார். காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான்.

மச்சானுக்குப் பொழுது போகவில்லை. மக்கிய மரத்தைப் புரட்டி, அரிக்கேன் விளக்கடியில் பொறுக்கி, பூச்சிகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். ஸ்பிரிட் தீர்ந்ததும் ரம் ஊற்றியிருக்கிறார். மூடியைத் திறந்ததும் ஆய்வறையே மணத்தது. பேராசிரியர் அன்றைக்கு இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். தீவு எப்படி என்று கேட்டதற்கு, "கறிக்குக் கவலையில்லீங்க, ஆடு விட்டிருக்காங்க, எக்கச்சக்கமாப் பெருகிடுச்சு" என்றார் மச்சான். அந்தப் பேச்சை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. பாட்டிலின் அடியில் நான்கு மில்லிமீட்டரில் ஒரு குறுஞ்சிறகு வண்டு, ஒரே சாயலில் ஏழு, என் கண்ணில் பட்டுவிட்டிருந்தது.

கேமரன் எழுதிய நான்கு தொகுதிகள் இருக்கின்றன, 1930 முதல் 1939 வரை வெளிவந்தவை. பிரிட்டிஷ் இந்தியாவின் குறுஞ்சிறகு வண்டுகள் முழுக்க அதில். மால்கம் கேமரன் கடற்படை மருத்துவர். கப்பல் நின்ற இடமெல்லாம் இறங்கி வண்டு பொறுக்கியவர். அவருடைய திறவுகோல் வரிசையில் என் வண்டை வைத்துக்கொண்டு போனேன். தலை அகலமா, கழுத்து உண்டா, கடைசிக்கு முந்தின கணு நீளமா. ஆம் என்றால் 14-ஆம் எண்ணுக்குப் போ, இல்லையென்றால் 22-க்குப் போ. மூன்று வாரம் போனேன். எந்தக் கதவிலும் அது நுழையவில்லை. உள்ளங்கை வியர்த்தது.

புது இனம் கண்டுபிடிப்பு என்று செய்தித்தாளில் போடும்போது யாரோ காட்டுக்குள் இலையை விலக்கிப் பார்த்து வியந்து நிற்கிற மாதிரிதான் நமக்குத் தோன்றுகிறது. எனக்கு அது முதுகுவலி. காய்ந்த வண்டை வெந்நீரில் ஊறவைத்து இளக்க வேண்டும். வாலைப் பிரித்துக் காஸ்டிக் பொட்டாஷில் போட வேண்டும். சதை கரைந்து ஆணுறுப்பு தனியே நிற்கும், தேன்நிறத்தில், மணல் பருக்கை அளவில். இந்தக் குடும்பத்தில் பல இனங்களுக்கு வெளித்தோற்றத்தில் வித்தியாசமே இருக்காது. அந்த உறுப்பின் வளைவும் முள்ளும்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கிளிசரின் சொட்டில் அதை நிறுத்தி வரைவேன். ஒரு தும்மல் போதும், எட்டு நாள் வேலை தரையில். ஒன்று அப்படிப் போனது. இரண்டு பேர் மண்டியிட்டுத் தேடினோம். கிடைக்கவில்லை.

அந்த மாதங்களில் வேலை ஓடாதபோது வொல்லாஸ்டனைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பேன். தாமஸ் வெர்னன் வொல்லாஸ்டன், நுரையீரல் நோயாளி. உடம்பு தேற மதீரா தீவுக்குப் போனவர் வண்டில் விழுந்தார். மதீராவின் 550 வண்டு இனங்களில் 200 பறக்க முடியாதவை என்று அவர் போட்ட கணக்கை டார்வின் 1859-இல் எடுத்துக்கொண்டார்: கடலுக்கு நடுவே பறக்கிறவனைக் காற்று கொண்டுபோய்த் தண்ணீரில் போடும், சோம்பிக் கிடப்பவன் பிழைப்பான், தலைமுறை போகப் போகச் சிறகு தேயும். கணக்குக் கொடுத்த வொல்லாஸ்டன் கடைசிவரை டார்வினின் கொள்கையை ஒப்பவில்லை. காற்றா காரணம் என்று பிறகு நூறு வருஷத்துக்கு மேல் வாதம் நடந்தது. 2020-இல் தென்கடல் தீவுகளின் பூச்சிகளை வைத்துப் பார்த்த ஆய்வு டார்வின் பக்கம் சாய்ந்தது. உலகப் பூச்சிகளில் பறக்காதவை நூற்றுக்கு ஐந்துபோல என்றால் அந்தத் தீவுகளில் கிட்டத்தட்டப் பாதி.

வொல்லாஸ்டனின் கடைசித் தீவு செயின்ட் ஹெலனா. நெப்போலியனை அடைத்து வைத்த தீவு. சென்னைப் பட்டணத்திலிருந்து லண்டன் போன கம்பெனிக் கப்பல்கள் தண்ணீர் பிடிக்க நின்ற தீவு. 1875-இல் மனைவி எடித்தோடு போய் ஆறு மாதம் தங்கினார். 1877-இல் புத்தகம், 1878 ஜனவரியில் மரணம். அந்துப்பூச்சிகளை எடித் கவனித்திருந்தார். அவருடைய கட்டுரை மறுவருஷம் வந்தது. இருவரும் மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் குத்திக்கொண்டிருப்பதை நானாக நினைத்துக்கொள்வேன். மனிதர் கொண்டுவராமல் தீவில் ஆதியிலிருந்தே இருந்தவை என்று வொல்லாஸ்டன் கணக்கில் தேறிய வண்டுகள் 129. ஒன்று தவிர மற்றவை வேறெங்கும் இல்லை. ஆனால் அவர் போனபோதே காடு மலை உச்சியில் ஒரு துண்டாகச் சுருங்கியிருந்தது. போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் விட்ட ஆடுகள் பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிட்டன. இதைப் படித்த அன்றைக்குத்தான் மச்சான் சொன்ன ஆடு உறைத்தது. நார்கொண்டத்து ஆடுகளைப் பிறகு அப்புறப்படுத்தினார்கள்.

அதே ஹெலனாவில் இன்னொரு பிராணி. வாலில் இடுக்கி வைத்த பூச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்கும் அரைக்கைச் சட்டைதான், முதல் வருஷ மாணவர்கள் குறுஞ்சிறகு வண்டோடு குழப்பிக்கொள்வார்கள், நானும் குழப்பியிருக்கிறேன். அந்த வகையில் உலகத்திலேயே பெரியது அங்கே இருந்தது, 84 மில்லிமீட்டர் வரை. 1798-இல் அதற்குப் பெயர் வைத்தவர் ஃபேப்ரிசியஸ். தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர்கள் அனுப்பிய பூச்சிகளுக்கும் பெயர் எழுதியவர் அவர். தரங்கம்பாடி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி. பெயர் வைத்த பிறகு அந்த இடுக்கிப் பூச்சியை மறந்துபோனார்கள். 1962-இல் பறவை எலும்பு தேடியவர்கள் கையில் காய்ந்த இடுக்கிகள் கிடைத்தன. சில வருஷத்தில் பெல்ஜியக் குழு உயிரோடும் கண்டது. கடைசியாகப் பார்த்தது 1967. 2014-இல் அற்றுப்போனது என்று அறிவித்தார்கள்.

2014 என்றால் எனக்கு இன்னொன்றும் உண்டு. டார்வின் 1832-இல் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காவில் பிடித்த ஒரு குறுஞ்சிறகு வண்டு, லண்டன் அருங்காட்சியகத்தில் எங்கோ மாறிப்போய்க் கிடந்து, 182 வருஷம் கழித்து, டார்வினின் பிறந்தநாளான பிப்ரவரி 12-இல் பெயர் பெற்றது. டார்வினிலஸ் செடாரிசி. விவரித்தவர் ஸ்டிலியானோஸ் சாட்சிமனோலிஸ். வண்டுகளை ஊசியில் ஏற்றும்போது டேவிட் செடாரிஸின் நகைச்சுவை ஒலிப்புத்தகங்களைக் கேட்டுக்கொண்டிருப்பாராம், அந்த நன்றிக்குப் பெயரின் பின்பாதி. எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துவிட்டது. எங்கள் காலத்தில் விவித் பாரதி.

சரி, என் ஏழு வண்டுகள். ஐந்து மாதத்தில் விவரிப்பு தயார். பெயர்கூடத் தேர்ந்தாயிற்று, சொல்ல மாட்டேன், வெட்கம். முதல் மாதிரிக்கு, அதாவது இனத்தின் பெயர் சட்டப்படி எந்த ஒற்றை உடம்பின்மேல் நிற்குமோ அதற்கு, சிவப்புச் சீட்டுக் குத்துவது மரபு. சிவப்பு அட்டை வாங்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, இந்தியன் இங்கில் எழுதிவைத்தேன். பேராசிரியர் கையெழுத்துப் பிரதியை இரண்டு நாள் வைத்திருந்தார். கூப்பிட்டார்.

"சிறகைப் பிரிச்சுப் பாத்தியாப்பா?"

தலை பார்த்திருந்தேன், கொம்பு பார்த்திருந்தேன், மணல் பருக்கையை ஐந்து கோணத்தில் வரைந்திருந்தேன். மூடியைத் தூக்கவில்லை. அவர் எதிரிலேயே ஒன்றை நனைத்து ஊசியால் நெம்பினேன். மடிப்பு மடிப்பாக விரிந்துகொண்டே வந்தது. உடம்பைவிட நீளம், கண்ணாடிபோல், ஒரு கிழிசல் இல்லை.

"நல்லா பறக்கிறவன்டா இவன். தீவுக்காரன்னு நீ எப்படி முடிவு பண்ணினே? கேமரன் இந்தியாவைத்தான் எழுதினார். கடலுக்கு அந்தண்டை இருக்கிறவனைப் பாத்தியா?"

சிறகு இருந்தால் தீவுக்கு உரியதாக இருக்கக் கூடாது என்று விதி ஒன்றுமில்லை, அவருக்கும் தெரியும். ஆனால் சந்தேகம் எங்கே வர வேண்டுமோ அங்கே எனக்கு வரவில்லை. இரண்டு வண்டுகளைப் பஞ்சு வைத்து லண்டனுக்கு அனுப்பினோம். ஏழு மாதம் கழித்து ஒரு தபால் அட்டை. மலேயாவில் பிடித்து எப்போதோ பெயர் வைத்த வண்டு, பரவலாகக் காணப்படுவது, மாதிரிகளுக்கு நன்றி. அன்று மத்தியானம் பேராசிரியர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அதற்குமுன் அவர் யாருக்கும் வாங்கிக் கொடுத்துப் பார்த்ததில்லை.

அந்தச் சிவப்புச் சீட்டு என் பழைய பர்ஸில் நெடுநாள் இருந்தது. ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது கீழே விழ, அம்மா எடுத்து என்னடா இது என்றாள். கதையைச் சொன்னேன். கழுத்தில் ஊர்ந்த பீடரஸ் வரைக்கும் சொன்னேன், அக்கியே இல்லையாம் அம்மா, அப்பாயிக்கும் தெரியவில்லை வேளாருக்கும் தெரியவில்லை என்று சிரித்தேன்.

"வேளாருக்குத் தெரியாதுன்னு யார் சொன்னா?" என்றாள் அம்மா. அன்றைக்குக் கூட அவளும் வந்திருந்தாளாம். காவியைக் குழைப்பதற்கு முன்னால் அவர் என்னை வாசல் வெயிலுக்கு இழுத்துப்போய், தாடையை நிமிர்த்தி, ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார். "அக்கின்னா கொத்துக் கொத்தா வரும் ஆத்தா. இது கோடா இழுத்திருக்கு. புள்ள எதையோ தேய்ச்சிருக்கு" என்றிருக்கிறார். அப்பாயி விடவில்லை. வந்ததற்கு எழுதிவிடுங்கள் வேளாரே என்றிருக்கிறாள். பெரிய மனுஷி சொல்லைத் தட்ட வேண்டாமென்று எழுதினாராம்.

"அது சிங்கமா நாயா?" என்று கேட்டேன்.

"அது எங்கேடா நின்னுச்சு, நீதான் ஆடிக்கிட்டே இருந்தியே" என்றாள்.