உப்புத் தண்ணி

சித்தப்பாவைக் கொன்றது மருந்து இல்லை, உப்புத் தண்ணிதான். எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை இது. (சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான்.)

1996 கோடையில் மருந்து கலக்குகிற அறையில் தீப்பிடித்து, சித்தப்பாவுக்குப் பாதி உடம்பு வெந்துபோனது. ரத்தம் கொடுக்கவென்று எங்கள் தெருவிலிருந்து பதினோரு பேர் மதுரைக்குப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். டாக்டர் இப்போது வேண்டாம் என்றுவிட்டார். பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணி ஏறியது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது.

“வெடியுப்புல வெந்த மனுசனுக்கு உப்பையே ஏத்துனாகய்யா. மூஞ்சி பலூனாட்டம் ஊதிப்போச்சு. அம்புட்டும் அந்தத் தண்ணிதான்” என்பாள் சித்தி.

போன வருடம் ஒரு முகாமில் ரத்தம் கொடுத்தேன். 350 மில்லி. பை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது அந்தப் பதினோரு பேர் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்ற டாக்டர் யார்?

கேஸ் ஷீட்டைத் தேடி மூன்று தடவை மதுரைக்கு அலைந்தேன். முதல் தடவை தேதி கேட்டார்கள். இரண்டாம் தடவை உள்நோயாளி எண் கேட்டார்கள். சித்தியின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, சீட்டு நோட்டுக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவே மடித்திருந்த துண்டுச் சீட்டில் அந்த எண்ணைக் கண்டுபிடித்தேன். புதையல் எடுத்தவன்போலப் போய் நின்றால், அவ்வளவு பழைய காகிதங்களை எப்போதோ கழித்துவிட்டோம் என்றார்கள். முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

அதோடு விட்டிருப்பேன். ரத்த வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் விருதுநகரில் பரோட்டாக் கடையில் அகப்பட்டார். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, ஒரு பை ரத்தத்தைச் சுழலவிட்டா அடுக்கடுக்காப் பிரிஞ்சு நிக்கும். அடியில சிவப்பணு. அதுக்கு மேல நூல் மாதிரி வெள்ளையணுவும் தட்டணுவும். மேல பாதிக்குமேல பிளாஸ்மா, செக்குல ஆட்டுன நல்லெண்ணெய் நிறத்துல. சிவப்பணுவைக் குளிர்பெட்டியில வச்சா ஒரு மாசத்துக்கு மேல தாங்கும். தட்டணுவை ஆட்டிக்கிட்டே இருக்கணும், அப்பவும் அஞ்சு நாள்தான். தீயில வெந்தவனுக்கு மொதல்ல எது போகும், சொல்லுங்க?”

ரத்தம், என்றேன்.

“பிளாஸ்மா. சூட்டுல நுண்குழாய் எல்லாம் சல்லடையாயிரும். தண்ணியும் புரதமும் கசிஞ்சு சதைக்குள்ள போயிரும். சிவப்பணு பெருசு, உள்ளேயே தங்கும். ரத்தம் கெட்டியாயிரும்.” சால்னாக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். “சால்னா வத்திப்போனா தண்ணி ஊத்துவீகளா, கறியை அள்ளிப் போடுவீகளா?”

ஆக, சித்தி பார்த்த வீக்கம் குழாயை விட்டு வெளியேறிய பிளாஸ்மா. ஏற்றிய தண்ணீரும் அதில் சேர்ந்திருக்கும். அந்த அளவுக்குச் சித்தி சொல்வதும் பொய்யில்லை.

அப்படியானால் பிளாஸ்மாவையே ஏற்றியிருக்கலாமே என்று மடக்கினேன். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1942இல் பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற விடுதி எரிந்து 492 பேர் செத்தபோது, பிழைத்தவர்களுக்குப் பிளாஸ்மாதான் ஏற்றினார்கள். ஆனால் முதல் சில மணி நேரம் சல்லடையில் புரதமும் நிற்காது. அதனால் ரிங்கர் லாக்டேட் எனும் உப்புக் கரைசல்தான் இன்றைக்கும் முதலில். வகை பார்க்க வேண்டாம், கிருமிக்குப் பயப்பட வேண்டாம். 2018இல் சாத்தூரில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதைப் பார்த்த மாவட்டத்துக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிவப்பணுவுக்குப் பிறகு வேலை வரும், தோல் ஒட்டும் அறுவைசிகிச்சையின்போது.

டாக்டர் செய்தது சரி. நிம்மதியாகக் கை கழுவப் போனேன். அண்ணாச்சி பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நான்கு மில்லி, அறுபது கிலோ எடை, வெந்தது ஐம்பது சதவீதம். பெருக்கினால் 12,000 மில்லி. உடம்பிலிருக்கும் மொத்த ரத்தத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். “இதுல பாதி மொத எட்டு மணி நேரத்துக்குள்ள ஏறணும். எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிக்கு வந்ததுலேர்ந்து இல்ல தம்பி. தீப்பட்ட நேரத்துலேர்ந்து.”

மறுநாள் சித்தியிடம் போனேன். ரத்தத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

“காலையில பத்து மணி டீ வந்துச்சு, அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு” என்றாள். வேன் கிடைக்கவில்லை. வழியில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், இங்கே முடியாது என்றார்கள். அடுத்ததிலும் அதே பதில்.

“மொத பாட்டில் எப்ப போட்டாக சித்தி?”

“மதுரையிலதான்யா. தெருவிளக்கெல்லாம் எரிஞ்சிருச்சு.” என்னைப் பார்த்தாள். “எதுக்குக் கேக்க?”

“சும்மாதான்.”

“பதினோரு பேருய்யா” என்று மறுபடி ஆரம்பித்தாள். நான் மேசைக்கடியில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.