இறுக்கம்

ஒரு காரைக் கெடுத்துக்கொண்டதைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கவிதைக்கும் விமர்சனத்துக்குமே பக்கம் போதாத இடம். ஆனால் சில மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் அந்தக் காருக்குள்தான் நடந்தது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்து பார்த்தேன். நடக்கவில்லை.

கார், 2002ஆம் வருஷத்து ஹோண்டா சிட்டி வி-டெக். 1,500 சி.சி., 106 குதிரைச் சக்தி. 2000இல் இங்கே வந்து 2003இல் நின்றுபோன மாடல். வேகப் பைத்தியங்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். நான் மூன்றாவது கை. வால்வுகளைத் திறக்க இந்த எஞ்சினில் இரண்டு விதக் கேம்கள் உண்டு. நிதானமாகப் போகும்போது ஒன்று, எஞ்சின் சுற்று ஏறியதும் எண்ணெய் அழுத்தத்தால் இன்னொன்று பற்றிக்கொள்ளும். அந்த மாற்றம் நிகழும் கணத்தில் எஞ்சினின் குரலே வேறாகும். ஒரு வங்கி குமாஸ்தாவுக்கு இது தேவையா என்று என் மனைவி கேட்டாள். தேவையில்லைதான்.

இரண்டாவது சனிக்கிழமைகளில் கும்பகோணத்திலிருந்து திருச்சிக்கு ஒருவரை அழைத்துப் போவேன். பெயர் சொன்னால் அவர் விரும்பமாட்டார். மெலிதான ஒரே ஒரு தொகுப்பு வெளியிட்டுவிட்டுப் பல வருஷங்களாகச் சும்மா இருப்பவர். எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்றால் மிகையில்லை, பி.ஏ. ஆங்கில இலக்கியம் எனக்குப் பரீட்சை எழுதத்தான் கற்றுக்கொடுத்தது. தொண்டையில் ஆபரேஷன் ஆகி, மாதாமாதம் திருச்சி ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு குரல் மூச்சுக்காற்றின் அளவுக்கு இறங்கிவிட்டது. டெலிபோனில் பேசமாட்டார். வீட்டில் டெலிவிஷன். கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அவர் பேசுகிற ஒரே இடமாக என் காரின் முன்ஸீட் ஆகியிருந்தது. இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு, முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயமில்லாமல் உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். கும்பகோணத்துக்காரரான பிச்சமூர்த்தியில் ஆரம்பித்தால் பாபநாசம் தாண்டுவதற்குள் செல்லப்பாவின் 'எழுத்து'க்கு வந்துவிடுவார். தஞ்சாவூருக்கு முன் நான் சென்ற இதழில் எழுதியதற்கு வந்துவிடுவார். திரும்பி வரும்போது பெரும்பாலும் மௌனம். 90 சொச்சம் கிலோமீட்டர். நான் விமர்சனம் என்று எழுதியதில் பாதி அந்தச் சாலையில் கேட்டது.

காரில் ஒரு குறை இருந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் எஞ்சின் முன்னும் பின்னும் ஒருமுறை புரண்டு படுக்கும். இருபது வருஷத்து ரப்பர் மவுண்டிங்குகள் வெடித்துப்போயிருந்தன, அவ்வளவுதான். புது ரப்பர் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு வேலை செய்யும் ஒருவரிடம் காட்டினேன். கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய ஊர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் ஓட்டப் பாதையே இருக்கிறது. அங்கே மெக்கானிக்குகளுக்கு வேகத்தின் மேல் தனி அபிப்பிராயம் உண்டு. அவர் மேல் குற்றமில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். "ரோட்டுக்குன்னா ரப்பரே போதுமுங்க. டைட்டா வேணும்னா வேற வழி இருக்கு" என்றார். டைட்டா வேணும் என்று சொன்னவன் நான்.

மூன்று காரியம் செய்தோம். ரப்பருக்குப் பதிலாகக் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங். ஃப்ளைவீலைக் கழற்றிவிட்டு அதில் பாதி எடைகூட இல்லாத ஒன்று. க்ளட்ச் ப்ளேட்டின் நடுவில் இருக்கும் சுருள் வில்கள் இல்லாத, பீங்கான் வில்லைகள் பதித்த ஒரு ப்ளேட். சைலன்ஸரைத் தொடவில்லை. நண்பர்கள் முதலில் அதைத்தான் சந்தேகித்தார்கள். தெருவில் நிற்பவனுக்குப் பெரிதாக ஒன்றும் கேட்டிருக்காது. சத்தம் முழுக்க உள்ளே இருப்பவர்களுக்கு.

ஏன் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நாலு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து நிமிர்வதால், பிஸ்டன் தன் பாதையின் மேல்பாதியில் கீழ்பாதியைவிட வேகமாகப் போகிறது. கணக்கு நேராவதில்லை. அந்த மிச்சம், க்ராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை எஞ்சினை மேலும் கீழுமாக உலுக்குகிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 உலுக்கல். எந்த மெக்கானிக்காலும் சரிசெய்யக்கூடிய கோளாறு அல்ல, எஞ்சினின் சுபாவம். இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு வழி கண்டார்: எதிரெதிர்த் திசைகளில் இருமடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு தண்டுகள். 1975இல் மிட்சுபிஷி அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. என் காரில் அது கிடையாது. என் காரில் இருந்ததெல்லாம் ரப்பர்.

ரப்பருக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆரம்பகாலக் கார்களில் பெரும்பாலும் எஞ்சினைச் சட்டத்தோடு நேராக முடுக்கிவிடுவார்கள். கார் முழுக்கச் சேர்ந்து நடுங்கும். 1931இல் அமெரிக்காவில் ப்ளைமவுத் கார் எஞ்சினை ரப்பரில் தொங்கவிட்டு, அது தன் அச்சில் தன்னிஷ்டத்துக்கு ஆடிக்கொள்ளட்டும் என்று விட்டது. மிதக்கும் சக்தி என்று அதற்குப் பெயர். அடுத்த வருஷம் பிரான்ஸில் சிட்ரோயன் அந்த உரிமையை விலைக்கு வாங்கி, தன் கார்களின் முகப்பில் நீந்தும் அன்னத்தை முத்திரையாகப் பொறித்தது. வெளியே அசையாமல் மிதப்பதுபோல் தெரியும். தண்ணீருக்கடியில் கால் அடித்துக்கொண்டிருக்கும். விளம்பரக்காரன் கண்டுபிடித்த படிமம்தான், ஆனாலும் நம் கவிஞர்களில் சிலரிடம் இவ்வளவு பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. நான் காசு கொடுத்து அந்த அன்னத்தை விரட்டினேன்.

ஃப்ளைவீலின் கதையும் இதுதான். வெறும் பாரம் என்று நினைத்தேன். அடுத்தடுத்து வரும் நான்கு வெடிப்புகளுக்கு இடையே உள்ள பள்ளத்தை நிரப்புவது அந்தப் பாரம். அது குறைந்ததும் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்கமாக அதை வாங்கிக்கொள்ளும் க்ளட்ச் வில்களும் இல்லை. சிக்னலில் நியூட்ரலில் நின்றால் தகர டப்பாவில் புளியங்கொட்டை போட்டுக் குலுக்குவதுபோல் பற்சக்கரங்கள் கடகடக்கும். க்ளட்சை மிதித்தால் சட்டென்று நிற்கும், விட்டால் மறுபடி. முதல் கியரில் நகரும்போது கார் வெட்டி வெட்டிக் கிளம்பும். உச்சிப்பிள்ளையார் தெருவில் ஒரு சைக்கிள்காரர் என்னைப் புதிதாக ஓட்டக் கற்பவன் என்று நினைத்து ஒதுங்கி நின்று வழிவிட்டார். நெடுஞ்சாலையில் 3,000 சுற்றைத் தொட்டதும் தரை, கதவு, டாஷ்போர்ட் எல்லாம் ஒரே சுருதியில் முனக ஆரம்பிக்கும். கண்ணாடியில் பின்னால் வருகிற லாரி இரண்டிரண்டாகத் தெரியும்.

கியர் விழுவது மட்டும் அற்புதமாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ரைபிள் போல்ட் மாதிரி. ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் முள் எழுந்து நிற்கும். முதல் வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் தனியாகச் சுவாமிமலை வரை போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தேன்.

அந்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை அவர் ஏறினார். அய்யம்பேட்டை வரை ஏதோ பேசிப் பார்த்தார். நான் "என்ன சார்?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன். திருப்பிச் சொல்ல அவருக்கு எவ்வளவு சிரமம் என்று தெரியும். அதனால் நாலாவது தடவை கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதற்கு முந்தின மாதம் அவர் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தார். 23 கவிதைகள். இத்தனை வருஷம் எழுதிவந்திருக்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. படித்தேன். எனக்கு அவற்றைப் பிடித்திருந்தது. பிடித்தது சங்கடமாகவும் இருந்தது. பழைய தொகுப்பின் வெட்டு இதில் இல்லை. வாக்கியங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இழுத்துக்கொண்டு போயின. ஒரு கவிதையில் கிணற்றுக் கயிற்றைப் பற்றிச் சொல்லவந்து, கயிறு விற்றவரின் குடும்பத்தைப் பற்றி எட்டு வரி. யோசித்துச் சொல்கிறேன் என்று, ஒன்றும் சொல்லாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தேன்.

அன்று வல்லத்துக்கும் செங்கிப்பட்டிக்கும் நடுவே அவர் நீளமாகப் பேசினார். பத்து நிமிஷம் இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. கை அசைந்தது. 'நோட்டு' என்று கேட்டது. 'போடறது' என்று கேட்டது. கடைசியில் என் பக்கம் திரும்பி என்னவோ கேட்டார். உதடு கேள்வியாக நின்றது. நான் தலையாட்டி, "ஆமா சார்" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம், "பஸ்லயே போயிடறேன்ப்பா. உனக்கு எதுக்குச் சிரமம்" என்று சீட்டில் எழுதி அனுப்பினார். அதற்கடுத்த மாதமும் பஸ். காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு ஒருநாள், அந்தத் தொகுப்பைக் கொண்டுவர ஆசைப்பட்டுக்கொண்டிருந்த நண்பர் பாங்குக்கு வந்தார். கவுண்டருக்கு வெளியே நின்றபடி, "வேண்டாம்னுட்டார். நீயும் அதையேதான் சொன்னியாமே?" என்றார்.

என் பழைய கட்டுரைகளை எடுத்துப் பார்த்தேன். 'இறுக்கம்' என்ற சொல்லைப் பாராட்டாக எத்தனை இடத்தில் போட்டிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். 'தொய்வு' அதைவிட அதிகம் இருக்கும். கோயம்புத்தூர்க்காரரிடம் நான் பேசிய பாஷையும் இதுதான். இந்த வட்டத்தில் எல்லோரும் பேசுவதுதானே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எழுதியது என் கை.

காரைத் திரும்பப் பழையபடி ஆக்குவது, மாற்றியதைவிட அதிகச் செலவு. பழைய ஃப்ளைவீலைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்ததால் அது தப்பித்தது. வில் வைத்த சாதாரண க்ளட்ச் ப்ளேட் சுலபமாகக் கிடைத்தது. மவுண்டிங்குகளில் ஒன்று மட்டும் கம்பெனி அளவில் கிடைக்கவில்லை. வேறு ஏதோ காருடையதைத் துளை மாற்றிப் பொருத்தியிருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர் கேலி எதுவும் செய்யவில்லை. "பாதிப் பேர் திரும்பி வருவாங்கங்க" என்றார்.

அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைக்காமலே உள்ளே போய்க் கூப்பிட்டேன். வந்து, கதவருகே ஒரு நிமிஷம் நின்று, ஏறினார். பின்னால் எடுத்தேன். ரிவர்ஸ் கியரின் பல் மட்டும் நேராக வெட்டியது. பல கார்களிலும்போல அது ஊளையிட்டது. மற்றக் கியர்களின் பற்கள் சாய்ந்தவை, ஒன்று முழுக்க விடுவதற்குள் அடுத்தது தொட்டுவிடும். சாலைக்கு வந்ததும் நிசப்தம்.

வல்லம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை, கேட்காமலே ஆமா போட்டேன் என்று. அவர் சிரித்தார். சிரிப்புக்குச் சத்தம் கிடையாது, தோள்தான் குலுங்கும்.

"கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பே."

"இல்லை சார்."

"அந்தக் கயித்துக் கவிதை. எட்டு வரி அனாவசியம்னு தோணலையா?"

தோன்றியது என்று சொன்னேன். இப்போதும் தோன்றுகிறது. ஆனால் கவிதையில் எனக்கு நினைவிருப்பது அந்த எட்டு வரிதான் என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. நோட்டு எங்கே என்று கேட்டேன். வீட்டில்தான் இருக்கிறது என்றார். கொண்டுவருவதாகச் சொல்லவில்லை.

துவாக்குடிக்கு முன்னால் சுங்கச்சாவடியில் வரிசை நீளமாக இருந்தது. நின்றோம். நியூட்ரலில் ஸ்டியரிங் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது, அந்த வேற்றுக் கார் மவுண்டிங்கினால். அவர் டாஷ்போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஆடுதே" என்றார்.