ஒரே மாணவன் உள்ள பள்ளி

அன்னையே முதல் ஆசிரியை என்று மேடைதோறும் பேசுகிறோம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் ஆசிரியையாக இருந்தவளே இரண்டாம் ஆசிரியையாகவும், பத்தாம் ஆசிரியையாகவும், தலைமை ஆசிரியையாகவும், அதே பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஆயாவாகவும் இருக்க நேர்ந்தால் அவள் நிலை என்ன? இந்த வினாவை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. ஸ்ரீராமபுரத்தில் என் பெரியம்மாள் மகள் வாழும் சிறிய மாடி வீட்டில் பெற்றேன்.

அக்காள் குடும்பம் தென்காசிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தது. அத்தான் சிக்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஒரே மகன், ஒன்பது வயது. எனக்கு வயது இருபத்து மூன்றுதான் என்றாலும், உறவு முறையில் நான் மாமன், அவன் மருமகன். அந்தப் பெருமை எனக்குச் சிறிதன்று! அவனுக்கு மூளை முடக்குவாதம். கைகால்கள் அவன் எண்ணியபடி இயங்குவதில்லை, நாவும் அப்படியே. ஆனால் பிறர் பேசுவது அனைத்தும் அவனுக்கு விளங்கும். விளங்குகிறது என்பதைப் பிறருக்கு மெய்ப்பிப்பதே அக்காளின் முதல் வேலையாயிற்று.

ஒரு பள்ளியில் இடம் கேட்டுப் போனார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மற்றொரு பள்ளி சேர்த்துக்கொண்டது. அங்கே பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. பையன் தாழ்வாரத்தில் இருந்தான். ஓராண்டு பொறுத்துப் பார்த்தபின், 'நானே சொல்லிக்கொடுக்கிறேன்' என்று அக்காள் அவனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். அவள் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு வரை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கல்வி என்றது. 2012-இல் செய்த திருத்தம், கடுமையான ஊனமோ பல்வகை ஊனமோ உடைய பிள்ளை வீட்டிலிருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளலாம் என்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், சட்டம் குறித்த அளவு ஊனமுடைய பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்தது. நல்ல சட்டங்களே. ஆனால் தேர்ந்துகொள்ளும் உரிமை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது; பள்ளிக்கு உரியதன்று. 'உங்களுக்குத்தான் வீட்டுக் கல்வி இருக்கிறதே' என்று ஒரு பள்ளி வாயிலில் நின்று சொல்லுமானால், உரிமையாக வந்தது தாழ்ப்பாளாகிவிடும். வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் எல்லோரும் விரும்பி வந்தவர்கள் அல்லர். அவர்களை ஊக்குவிக்கப் புறப்படுவோர் முதலில் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இனி அந்தப் பள்ளியைச் சற்றுப் பாருங்கள். காலை ஏழரைக்கு அடுப்படியில் முதல் வகுப்பு. குக்கர் விசில் எத்தனை என்று அவன் எண்ண வேண்டும். மூன்று வந்ததும் கண்ணை இறுக மூடித் திறப்பான். அக்காள் அடுப்பை அணைப்பாள். பருப்பு குழைந்துபோனால் கணக்கு தவறிவிட்டது என்று பொருள். புளியங்கொட்டைகளைக் கொண்டு கூட்டலும் கழித்தலும் நடக்கும். வாயிலில் போட்ட கோலத்தின் புள்ளிகளில் பெருக்கல் வாய்பாடு பிறக்கும்: ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. மாலையில் சாளரத்தருகே வகுப்பு. தெருவில் போகும் வண்டிகளின் எண்களில் எது பெரியது, எது சிறியது என்று தலையசைத்துச் சொல்ல வேண்டும்.

அவனுடைய நாற்காலியைப் பற்றி ஒரு சொல். தெருக்கோடித் தச்சர் ஒருவர் செய்து கொடுத்தது. இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடிந்திருக்கும். பாதம் பலகையில் முழுதும் படிந்திருக்கும். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. முதலில் பார்த்தபோது, கையால் எழுதப் பழக வேண்டிய பிள்ளைக்குக் காலில் எதற்கு இவ்வளவு கவனம் என்று எண்ணினேன். இயற்பியல் படிக்கிறவனுக்கு விடை எட்டியிருக்க வேண்டியதுதான். அடித்தளம் ஆடினால் மேலே உள்ளது நிலைகொள்ளாது. உடல் சரிந்து விழாமல் காப்பதற்கே முழு வலிமையும் செலவாகும்போது கைக்கு என்ன மிஞ்சும்? இருப்பு உறுதியானதும் வலக்கையின் சுட்டுவிரல் ஓரளவு அவன் வசப்பட்டது. அந்த ஒரு விரலை நம்பித்தான் தமிழ் எழுத்துக்கு வந்தோம்.

பேச இயலாத பிள்ளைகள் எழுத்துகளைச் சுட்டிக் காட்டிப் பேசுவதற்குப் பேச்சுப் பலகைகள் உண்டு. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு கட்டங்கள் போதும். தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு கட்டங்களா? அவ்வளவு சிறிய கட்டங்களை நடுங்கும் விரல் எப்படித் தொடும்? அக்காள் கவலையோடு கேட்டாள். விடை நம் இலக்கணத்திலேயே இருந்தது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, முதலெழுத்து முப்பது. ஆய்தம் ஒன்று. முப்பத்தொரு கட்டங்கள் போதும். ககரமெய்யைத் தொட்டு ஆகாரத்தைத் தொட்டால் 'கா'. உயிர்மெய் என்ற பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறதே! ஓர் அட்டையில் கட்டம் கட்டி, உயிருக்குச் சிவப்பும் மெய்க்கு நீலமும் தீட்டினேன். மூன்று மாதம் அக்காள் நாள்தோறும் பழக்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உடனிருந்தேன். ஒரு மணி நேரமாக 'அம்மா', 'அப்பா' என்று காட்டச் சொல்லி நாங்கள் வற்புறுத்திக்கொண்டிருந்தோம். அவன் விரல் மெல்ல நகர்ந்தது. ப், ஓ, த், உ, ம்.

'போதும்!'

ஒன்பதாண்டு வாழ்வில் அவன் தானாக எடுத்துச் சொன்ன முதற்சொல் அது. அக்காள் சிரித்த சிரிப்பில் கண்ணீரும் வந்தது. அன்றைய வகுப்பை அத்தோடு முடித்துவிட்டோம்.

மொழியைப் பற்றிய இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், சிகிச்சை நிலையங்களில் ஆங்கிலம் என்பது இந்நகரில் நம்மவர் வாழ்க்கை. 'இவனுக்கு ஒரு மொழியே அதிகம். வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்' என்று ஓர் ஆலோசகர் அக்காளிடம் சொன்னார். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். ஒரு திங்கள் முழுவதும் அவள் தன் மகனிடம் ஏறக்குறைய பேசாமலே இருந்தாள். கதை இல்லை, பாட்டு இல்லை, கோபம்கூட இல்லை. எல்லாம் நாலைந்து ஆங்கிலச் சொற்களுக்குள் அடங்கிப் போயிற்று. நான் ஆய்விதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். டவுன் நோய்க்குறி உடைய பிள்ளைகளைப் பற்றிக் கனடாவில் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழியில் வளர்ந்த பிள்ளைகள் ஒருமொழிப் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை என்று கண்டிருக்கிறார்கள். என் மருமகனின் குறை வேறு வகையானது. அதை நான் மறக்கவில்லை. ஆயினும் தாய்மொழியைப் பறிப்பதற்குச் சான்று எங்கே என்று கேட்கும் துணிவை அது தந்தது. மறுநாளே வீட்டில் தமிழ் திரும்பிவிட்டது.

இவையெல்லாம் கேட்க இனியவை. இவற்றுக்கு இடையே உள்ள தனிமை இனியதன்று. அறிவியல் மாணவனுக்கு அளக்கும் பழக்கம் போகாது. ஒரு வாரம் அக்காளின் பொழுதைக் குறித்து வைத்தேன். ஊட்டுதல், குளிப்பாட்டுதல், உடற்பயிற்சி, பாடம், சமையல், துணி ஆகியவை போக, அவள் தனக்கென்று இருந்த நேரம் அந்த ஏழு நாளிலும் சேர்த்து நாற்பது நிமிடம். ஊரிலிருந்து வரும் உறவினர் அவளைப் புகழாமல் போவதில்லை. அதைப் பற்றி அவள் ஒருநாள் சொன்னாள்: "தெய்வம்னு சொல்லிட்டு எல்லாரும் கும்பிட்டுப் போயிருதாங்க. ஒரு மணி நேரம் பிள்ளையப் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வான்னு ஒருத்தரும் சொல்லல."

புகழ்ச்சியும் அறிவுரையும் பெற்றோர்க்கு எவ்வளவு உதவும் என்பதை வேலூரில் ஆராய்ந்திருக்கிறார்கள். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கும் முறை நெடுங்காலமாக உண்டு. அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் ஐம்பத்தேழு பேரை இரு கூறாக்கினார்கள். ஒரு கூறுக்குப் பத்து வாரம் விரிவுரை. மற்றொரு கூறுக்குப் பத்து வாரம் கூடிப் பேசும் கூட்டம். 1999-இல் வெளிவந்த முடிவின்படி, பெற்றோரின் மனப்பான்மை கூடிப் பேசியவர்களிடமே மிகுதியாகச் செம்மை பெற்றது. விரிவுரைகளிலேயே வாழும் நமக்கு இது சிறிது கசப்பான செய்திதான்!

உலகின் மறு கோடியிலும் இதையே கண்டிருக்கிறார்கள். நடிகர் ஸ்பென்சர் டிரேசியின் மனைவி லூயிஸ் டிரேசி, செவி கேளாத தம் மகனுக்குத் தாமே பேச்சும் உதட்டசைவும் கற்பித்தவர். 1942-இல் அவர் பிற தாய்மார்களைக் கூட்டி ஒரு நிலையம் தொடங்கினார். அது தொடங்கிய இடம் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு சிறு வீடு. பின்பு தொலைவில் உள்ள பெற்றோர்க்கு அஞ்சல் வழியாகப் பாடங்களை இலவசமாக அனுப்பினார்கள். நம் நாட்டில், ஊனமுற்ற மகனின் தாயாகிய பூனம் நடராசன் 1985-இல் சென்னையில் ஒரு கார் கொட்டகையில் சில பிள்ளைகளுடன் தொடங்கியதே இன்றைய வித்யா சாகர். எங்கள் பக்கத்தில், தாமே கைகால் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981-இல் ஆய்க்குடியில் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் சிற்றூர்களில் வீடு தேடிச் செல்கிறார்கள். தாய்க்குச் செய்து காட்டி, அடுத்த முறை வரும்போது அவள் செய்வதைப் பார்த்துத் திருத்துகிறார்கள். அக்காள் ஊரிலேயே இருந்திருந்தால் அந்தத் துணை அருகிலேயே கிடைத்திருக்கும். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள், தாயையும் மாமியாரையும் மட்டுமன்றி இதையும் விட்டு வருகிறார்கள்.

தேர்வைப் பற்றிய அச்சம் வீட்டில் கற்பிப்போர் எல்லோர்க்கும் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு நிகரான நிலைகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை ஐந்து ஆண்டுகளுக்குள் ஒன்பது வாய்ப்புகளில், ஒவ்வொரு பாடமாகவும் எழுதி முடிக்கலாம். இதை அத்தானிடம் சொன்னபோது, அவர் கணக்குப் பேரேட்டின் பின்பக்கத்தில் ஆண்டுகளை எழுதிக் கூட்டிப் பார்த்தார். "அப்படின்னா அவசரம் இல்லையே தம்பி" என்றார். அன்று இரவு அவர் மகனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

நண்பர்களே, நம் மன்றத்தில் பேச்சாளர்களுக்குக் குறைவில்லை. எனக்கு வேண்டியவர்கள் ஒரு மணி நேரம் சும்மா உட்காரத் தெரிந்தவர்கள். பாடம் நடத்த வேண்டாம். அதை அக்காள் நம்மைவிட நன்றாகச் செய்வாள். விரல் தொடும் எழுத்துகளைப் பொறுமையாகச் சேர்த்துப் படித்து, அவன் வாக்கியத்தை அவனே முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். முந்திக்கொண்டு நாம் முடித்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வான், கோபக்காரன். ஞானபாரதியிலிருந்து மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறினால் ஸ்ரீராமபுரம் வந்துவிடும். விடுதியில் என் அறைத் தோழர், மண்டியாக்காரர், செவ்வாய் மாலை போகிறார். அவனுக்குக் கன்னட எண்கள் இருபது வரை வந்துவிட்டன. வேதியியல் மாணவி ஒருவர் ஞாயிறு காலை போகிறார். சனிக்கிழமை என்னுடையது. போன சனிக்கிழமை அக்காள் தனியாக மல்லேசுவரம் சந்தைக்குப் போய், இரண்டு மணி நேரம் கழித்துக் கைவீசிக்கொண்டு திரும்பி வந்தாள். ஒன்றும் வாங்கவில்லையாம், சும்மா நடந்தாளாம். வியாழன் மாலைக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.