யாருக்குச் சிறிய குறை?

பிறருடைய இழப்புக்குப் பொறுமையை மருந்தாகச் சொல்வது எளிது. சென்ற ஆண்டு நான் அப்படிச் செய்தேன். அதை இன்று உங்களிடம் அறிக்கையிட விரும்புகிறேன்.

பாலக்கோட்டுப் பகுதியில் திருமணப் படங்கள் எடுத்துப் பிழைக்கும் தம்பி ஒருவர், கடன் வாங்கி ஒரு இலட்சத்து அறுபதாயிரம் ரூபாய்க்குத் தொழில்முறை மடிக்கணினி ஒன்றை வாங்கினார். இரண்டாம் நாளே அதை என்னிடம் கொண்டுவந்தார். வெண்மையான பக்கம் ஒன்றைத் திறந்து, "ஐயா, இடப்பாதி மஞ்சளாகத் தெரிகிறதா?" என்று கேட்டார். உற்றுப் பார்த்தபின் தெரிந்தது. நடுவே கடுகினும் சிறிய கரும்புள்ளி ஒன்றும் இருந்தது. "இவ்வளவு சிறிய குறைக்கா மனம் கலங்குவது, தம்பி? மனநிறைவோடு வேலையைப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு திருமண ஆல்பத்தோடு வந்தார். மணமகனின் வெள்ளை வேட்டி நீலம் பாய்ந்ததுபோல் அச்சாகியிருந்தது. திரை காட்டிய மஞ்சளை உண்மையென்று நம்பி, அதைத் தணிக்க நீலத்தைக் கூட்டியிருக்கிறார். படத்தில் இல்லாத குறையைத் திருத்தப்போய்ப் படமே குறைபட்டுவிட்டது. பெண் வீட்டார் ஆல்பத்தை ஏற்கவில்லை. மறு அச்சுக்கான செலவும் கடனோடு சேர்ந்துகொண்டது. அவர் என்னைக் குற்றப்படுத்தவில்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது.

பின்பு இருவரும் தர்மபுரியில் பேருந்தேறி, தொப்பூர்க் கணவாயைக் கடந்து, சேலத்திலுள்ள பழுதுநீக்கும் நிலையத்திற்குச் சென்றோம். "இது அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினர்.

அந்த அளவு எதுவென்று தேடிப் படித்தேன். குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று அமைந்த திரையில் 20,73,600 புள்ளிகள் உண்டு. 2008இல் வெளியான ஐஎஸ்ஓ 9241-307 என்னும் தரநிர்ணயம், பழுதான புள்ளிகளைக் கொண்டு திரைகளை வகுக்கிறது. அதன் இரண்டாம் வகுப்பில், பத்து இலட்சம் புள்ளிகளுக்கு எப்போதும் எரிவன இரண்டும், எப்போதும் அணைந்திருப்பன இரண்டும் ஏற்கப்படும். ஆகவே அந்தக் கரும்புள்ளியைப் பற்றி அவர்கள் சொன்னது சரியாயிருக்கலாம். மஞ்சளோ வேறு காரியம். எல்சிடி திரையின் புள்ளிகள் தாமாக ஒளிர்வதில்லை. பின்னிருக்கும் விளக்கொளியை ஒரு தகடு பரப்புகிறது. அவ்வொளி சீராக வராவிட்டால், புள்ளிகள் யாவும் நலமாயிருந்தும் நிறம் பொய்யாகும். புள்ளிக்குரிய அளவைக் காட்டி நிறத்தின் குறையையும் மறுத்துவிட்டார்கள்.

தீர்க்கதரிசியாகிய ஆமோஸ் கள்ளத்தராசைக் கண்டித்தபோது, ஏமாந்தவர்களிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. நானோ சொன்னேன். கடனும் என்னுடையதன்று, அந்தத் திரையில் உழைக்கும் கண்களும் என்னுடையவை அல்ல. ஆகையால்தான் அந்தக் குறை எனக்குச் சிறிதாகத் தெரிந்தது.

இரசீது, படங்கள், கெட்டுப்போன ஆல்பத்தின் பக்கம் ஆகியவற்றை இணைத்து எழுத்துமூலம் முறையிட்டோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லும் பதிவு செய்தோம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கிடலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதுவரை போக நேரவில்லை. மூன்றாம் வாரத்தில் திரையை மாற்றிக் கொடுத்தார்கள்.

புதிய திரையில் வெண்மை வெண்மையாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு சிறு கரும்புள்ளி. நான் வாய் திறக்குமுன் அவரே சிரித்துக்கொண்டு, "இது என் வேலையைக் கெடுக்காது, ஐயா. இதை நான் பொறுத்துக்கொள்வேன்" என்றார்.

பிரியமானவர்களே, இந்த வாரம் உங்களிடம் ஒருவர் தம் குறையைச் சொல்ல வந்தால், அதன் அளவை அவரிடமே கேளுங்கள். எதைப் பொறுப்பது என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். மற்றதற்கு அவரோடு பேருந்தேறுங்கள்.