செத்த பூச்சிக் கணக்கு

ஏலக்காய் போடாத பாயசத்தைப் பாயசம் என்று நம் வீட்டுப் பாட்டிமார் ஒப்புக்கொள்வார்களா? மாட்டார்கள்! அந்த ஏலத்துக்கு ஒரு சத்துரு உண்டு, வாசகர்களே. உருவம் எள்ளளவு; பெயர் மட்டும் அழகாக அசுவினி!

போடிநாயக்கனூரிலிருந்து வளைந்து வளைந்து மலையேறிப் போடிமெட்டைக் கடந்தால், எங்கும் ஏலத் தோட்டங்கள். அங்கே அசுவினி பரப்பும் வியாதிக்குக் 'கட்டே' என்று பெயர். இளம் இலையில் வெளிறிய கோடுகள் தோன்றும், செடி குன்றும், காய்ப்பும் போகும்.

"மருந்தடித்தால் தீர்ந்தது" என்பார் என் நண்பர். வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை போட்டவர். புகையிலைக் கஷாயம் தெளித்து மற்றச் செடிகளின் அசுவினியைக் கொல்வது பழைய வழக்கம். புகையிலைச் செடியிலேயே ஓர் அசுவினி குடித்தனம் நடத்துவதுதான் வேடிக்கை!

நண்பரின் பரீட்சை இது: சில வரிசைகளுக்கு மருந்து, சில வரிசைகள் சும்மா. தெளிக்குமுன் ஒரு தரம், பிறகு 1, 3, 7-ஆம் நாட்களில், இலைக்கு அடியில் உள்ள பூச்சிகளை எண்ண வேண்டும். சாற்றை உறிஞ்சி, இலையைப் பிசுபிசுப்பாக்கும் பூச்சிக்கு இந்தக் கணக்கு சரி.

ஏலத்துக்கு இது போதாது. இங்கே பெருங்கேடு, பூச்சி சுமக்கும் வைரஸ். நோயுற்ற செடியில் வாய் வைத்த அசுவினி அடுத்த செடியில் வாய் வைத்தால், சில நிமிஷங்களில் நோய் தொற்றிவிடும். மருந்து அதைக் கொல்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறதே! போதாக்குறைக்கு, அது தண்டைச் சுற்றிய பழைய இலையுறைக்குள் ஒளிந்திருக்கும். ஆகவே மருந்தடித்த பாத்தியிலும் அடிக்காத பாத்தியிலும் புதிதாக நோய் கண்ட செடிகளை எண்ணிப் பாருங்கள். அதுதான் மருந்தின் உண்மையான மார்க்கு.

மருந்துக்கு வேறு விலையும் உண்டு. ஏலப்பூ காயாவதற்குத் தேனீ வேண்டும். அதுவும் மருந்தில் சாகும். கீழே இருந்து ஜீப்பில் வந்து காய் பறிக்கும் பெண்கள் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். ஏலத் தோட்டங்களிலும் புழங்கிய எண்டோசல்பானுக்கு 2011-ல் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது நினைவிருக்கலாம்.

பின் என்ன செய்வது? நோயில்லாத நாற்றை நடுங்கள். அடிக்கடி சுற்றி வந்து, கோடு கண்ட செடியைக் கிழங்கோடு பிடுங்கி அழியுங்கள். அசுவினி தங்கும் சேம்பையும் அகற்றுங்கள். போகும்போது அடுத்த தோட்டக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். கட்டே வேலியைப் பார்த்து நிற்பதில்லை!